கடித்து வைத்த ரொட்டி

கரண்ட் இல்லாத ஊரில் லைன்மேனாக இருப்பதைவிட ஒரு மனிதனுக்குப் பெரிய மானக்கேடு இருக்கிறதா என்று நுஸ்ரத்துக்குத் தெரியவில்லை. எங்கள் மலையூரான இஸ்தரவ்ஷானில் அந்தப் பனிக்காலத்தில் மின்சாரம் முதலில் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று எட்டிப் பார்த்தது. பிறகு அந்த மரியாதையையும் விட்டுவிட்டது. அணையில் தண்ணீர் இல்லை என்றார்கள். அணையில் தண்ணீர் இல்லாததற்கு நுஸ்ரத் என்ன செய்வான்? ஆனால் தெருவில் அவன் தலை தெரிந்தால் போதும், "எப்போ வரும்?" என்று கேட்காத ஆள் கிடையாது. கரண்டை அவன் தன் கோட்டுப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்கிற மாதிரி கேட்டார்கள். மசூதியில் தொழுகை முடிந்து வலப்பக்கம் சலாம் சொல்லத் திரும்பினால் அங்கேயும் ஒருவர் புருவத்தை உயர்த்திக் கேட்டார்.

அதற்குப் பிறகு அவன் வெளியே போவதை நிறுத்திக்கொண்டான். சந்தலிக்குள் புகுந்தான். குழியில் கரித்தணல், மேலே குட்டை மேசை, மேசையைச் சுற்றிப் பஞ்சுப் போர்வை என்று ஊரே அந்தக் குளிரில் சந்தலியை நம்பித்தான் உயிர் வாழ்ந்தது. மற்றவர்கள் அதில் காலை நீட்டினார்கள். நுஸ்ரத் மார்பு வரைக்கும் உள்ளே போனான். அப்புறம் கழுத்து வரைக்கும். கம்பத்தில் ஏறினால் ஊரே அண்ணாந்து பார்க்கும் ஆறடி ஆள், ஐம்பது வயதில் மீசை மட்டும் வெளியே தெரிய நாள் முழுக்கக் கிடந்தான். சாப்பாடு இறங்கவில்லை. பேச்சும் குறைந்துபோனது. மகள்கள் இருவரும் கட்டிக்கொடுத்த ஊர்களில் இருந்தார்கள். அவன் மனைவி மவ்ஜூதா தெருவுக்கே ரொட்டி சுட்டுக் கொடுப்பவள், வாய் சும்மா இருக்காத பெண். அவளே பயந்துபோய்ப் ஊருக்கே அக்காவான பக்கத்து வீட்டுக் கும்ரி அபாவின் மடியில் தலை வைத்து அழுதுவிட்டு வந்தாள்.

கும்ரி அபாவுக்கே ஆறுதல் தேவைப்பட்ட காலம் அது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் தவ்லத் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். கரண்ட் இல்லாததால் கும்ரியின் போன் செத்துக் கிடந்தது. அவன் எப்படியிருக்கிறான், வேலை இருக்கிறதா, கூலி கொடுக்கிறார்களா, ஒன்றும் தெரியாது. வீட்டில் அவனுடையதாக இருந்தது, கதவோரத்து ஆணியில் வெள்ளைத் துணியில் தொங்கிய ரொட்டி ஒன்றுதான். கிளம்பும் அன்று ஒரு கடி கடித்து வைத்துவிட்டுப் போன ரொட்டி. மீதியை வந்து தின்ன வேண்டியவனும் அவன்தான். அதுவரை அது தொங்க வேண்டும். வேறு யாராவது தின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கும்ரி அபா சொல்லித்தான் மவ்ஜூதா புருஷனை டாக்டர் லுத்ஃபியாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியைக் குளிருக்குப் பயந்து மூடியிருந்தார்கள். டாக்டர் தெருக்கோடியில் தன் வீட்டிலேயே, இரண்டு கோட்டுகளுக்குள்ளிருந்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள், நாடியைப் பிடித்தாள், நிறைய நேரம் யோசித்தாள். பிறகு மூலையிலிருந்த காலி வாளியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"கீழ ஊத்துல போய்த் தண்ணி கொண்டு வாங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. சாப்பாட்டுக்கு முன்னாடி."

இது எந்த நோய்க்கு என்று மவ்ஜூதா கேட்டாள். ஒரு வாரம் பார்ப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டாள். அவளிடம் மாத்திரையும் தீர்ந்திருந்தது, குழாய் உறைந்து குடிக்கத் தண்ணீரும் தீர்ந்திருந்தது, இரண்டு பிரச்சினைக்கும் ஒரே சீட்டில் வழி செய்தாள் என்பது பிற்பாடு அவளே ஒத்துக்கொண்ட விஷயம். ஆனால் மருந்து வேலை செய்தது. சறுக்கிச் சறுக்கி ஊற்றுக்குப் போய், பாதியைக் காலில் கொட்டிக்கொண்டு, மீதியை டாக்டர் வீட்டு டிரம்மில் ஊற்றிவிட்டு வந்த நுஸ்ரத் அன்றைக்கு இரண்டு கிண்ணம் மாவுக்கஞ்சி குடித்தான். குடித்துவிட்டு, உப்பு போதவில்லை என்று குறையும் சொன்னான். மவ்ஜூதாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

டிரம் நிறைந்தது. வேறு வீடு பாருங்கள் என்று டாக்டர் சொன்னாள். அங்கேதான் அவள் அளவு சொல்ல மறந்துவிட்டாள்.

நுஸ்ரத் தெருவில் இறங்கினான். யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று மோப்பம் பிடித்துக்கொண்டு போனான். கஷ்டம் இல்லாத வீட்டில் கொஞ்சம் நின்று யோசித்தான். விறகு வெட்டித் தருகிறேன் என்று ஒரு வீட்டில் கூரைக்கு ஏறும் ஏணியையே வெட்டி அடுக்கி வைத்தான். இன்னொரு வீட்டுக் கோழிகள் குளிரில் நடுங்குகின்றன என்று சொல்லி அவற்றை வீட்டுக்காரரின் படுக்கையறைக்குள் விட்டான். சவரக்கடை ஹோஷிமின் கூரைப் பனியை விடிவதற்குள் தள்ளிவிட்டு, சொல்லாமல் செய்த உதவிதான் உதவி என்று பூரித்துப்போய் வீடு திரும்பினான். தள்ளிய பனி மொத்தமும் ஹோஷிமின் வாசலில் விழுந்து கதவை அடைத்துக்கொண்டது. ஹோஷிம் உள்ளேயிருந்து மத்தியானம் வரை கத்திய கத்தலில் தொண்டை கட்டியது. அதோடு நுஸ்ரத்துடன் அவன் பேச்சை நிறுத்திவிட்டான்.

மவ்ஜூதா தினமும் சாயங்காலம் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டாள். மன்னிப்பு கேட்கும்போது முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. ஏனென்றால் வீட்டில் அந்த மனிதன் விசிலடித்துக்கொண்டிருந்தான். அது ஊருக்குத் தெரிந்திருந்தது. அதனால் யாரும் பெரிதாகச் சண்டைக்கு வரவில்லை. ஏணியை இழந்தவர்கூட, விறகு நன்றாக எரிகிறது என்றார்.

கும்ரி அபாவின் மண்கூரையிலும் அவன் பனி தள்ளினான். மண்வெட்டி கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது. கூரை வெடித்துக் கதவோரத்துச் சுவரில் ஈரம் இறங்கியது. ஆணியில் தொங்கிய ரொட்டி நனைந்துவிடப் போகிறதே என்று கும்ரி அதை எடுத்து, வீட்டிலிருந்த காய்ந்த ரொட்டித் துண்டுகளோடு சேர்த்து, விரிப்புத் துணியில் முடிந்து பலகை மேல் வைத்தாள். இதை நுஸ்ரத்திடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையும் இல்லை.

அந்த வாரம் மலைக்கணவாய் அடைத்துக்கொண்டது. லாரிக்காரர்களும் ஒரு பேருந்து நிறைய ஆட்களும் மேலே போக முடியாமல் ஊர்த் தேநீர்க்கடையான சாய்கானாவில் மாட்டிக்கொண்டார்கள். கையில் இருந்ததை எல்லாம் தின்று தீர்த்துவிட்டு மீதி நாளை வெறும் தேநீரில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். செய்தி நுஸ்ரத் காதில் விழுந்தபோது அவன் முகம் கல்யாண வீட்டுக்காரன் முகம் போல மலர்ந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்கக் கூடாது. இத்தனை பேருடைய கஷ்டம் ஒரே இடத்தில் அவனுக்கு அதுவரை கிடைத்ததில்லை.

ரொட்டியைத் தூக்கிப் போடும் வழக்கம் இங்கே எந்த வீட்டிலும் இல்லை. காய்ந்த துண்டுகள் ஒரு முடிச்சில் சேரும். பாலும் உப்பும் வெண்ணெயும் போட்ட கொதிக்கும் தேநீரில் அவற்றை ஊறவைத்தால் பசிக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. நுஸ்ரத் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டான். எல்லோரும் கொடுத்தார்கள். கும்ரி அபா வீட்டில் இல்லை, ரத்த அழுத்தம் பார்க்க டாக்டரிடம் போயிருந்தாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே கும்மிருட்டு. பலகையில் தடவினான், முடிச்சு தட்டுப்பட்டது. கும்ரி அபா இருந்தால் கொடுக்காமலா இருப்பாள், அவள் மனசு எனக்குத் தெரியாதா என்று அவனே அவள் சார்பில் சம்மதித்து எடுத்துக்கொண்டு போனான்.

சாய்கானாவின் பெரிய பானை ஓரத்தில் நின்று துண்டுகளை ஒடித்துப் போட்டபோது, முழு ரொட்டி ஒன்று கையில் சிக்கியது. கல் மாதிரி இருந்தது. கையால் முடியவில்லை, முழங்காலில் வைத்து உடைத்தான். அதன் ஓரத்தில் ஒரு கடி இருந்ததைப் பார்த்தான்தான். பல் மூளியான எலி போலிருக்கிறது என்று பக்கத்திலிருந்த இளவட்ட லாரி டிரைவரிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தான். அந்தப் பையனுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான், இன்னொரு கிண்ணம் கேட்டான், அதையும் குடித்த பிறகுதான் சிரித்தான்.

வீட்டுக்கு வந்து நுஸ்ரத் ஒவ்வொரு வீட்டுக் கொடையையும் மனைவியிடம் விவரித்தான். கும்ரி அபா வீட்டு ரொட்டிதான் முழுசாக இருந்தது, ஒரே ஒரு கடி கடித்துவிட்டு வைத்திருக்கிறாள், பாவம் பல் வலி போல என்றான். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மவ்ஜூதாவின் கை அப்படியே நின்றது. தேநீர் நிற்கவில்லை, மேசையில் ஓடியது.

"அந்தக் கடி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"எப்படி இருக்கும்? ஒரு பல்லு, பக்கத்துல ஒரு சந்து, அப்புறம் இன்னொரு..."

அவன் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. சின்ன வயதில் பாதாம் கொட்டையைப் பல்லால் உடைக்கப்போய் முன்பல்லை உடைத்துக்கொண்ட பிள்ளை யார் என்று இந்தத் தெருவில் பூனைக்கும் தெரியும். அந்தச் சந்து வழியாகத்தான் தவ்லத் விசிலடிக்கவே கற்றுக்கொண்டான்.

நுஸ்ரத் சந்தலிக்குள் போனான். இந்த முறை மீசையையும் உள்ளே இழுத்துக்கொண்டான். போர்வைக்குள்ளிருந்து ஒரு பெரிய மனிதன் அழும் சத்தம் கேட்டது. கும்ரி அபாவுக்கு இருந்த ஒரே நம்பிக்கையைத் தன் முழங்காலில் வைத்து உடைத்தோம், பானையில் போட்டோம், கரண்டியால் கிண்டினோம் என்பது அவனுக்குத் தாங்கவில்லை. நான் செய்த நல்லது போதும், இனி இதற்குள்ளேயே கிடந்து செத்தால் ஊருக்கு நல்லது என்றான். மவ்ஜூதா கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தாள். பிறகு போர்வையை ஒரே இழுப்பில் உருவினாள்.

"உள்ள போய்ப் படுத்துக்கிட்டா ரொட்டி திரும்பி வந்துருமா? தவ்லத் கிளம்புறப்போ அந்த ரொட்டியைச் சுட்டவ நான். அதே மாவு, அதே அச்சு, அதே அடுப்பு. இன்னொண்ணு சுடுறேன். பல்லு மட்டும்தான் வேணும். எந்திரிங்க."

அன்று இருட்டும் நேரத்தில் கும்ரி அபாவே வாசலுக்கு வந்தாள். அவள் கையில் துடைப்பம் இருந்தது. நுஸ்ரத் உருவிய போர்வையைப் பிடித்து மறுபடி தன் பக்கம் இழுத்தான். அவளோ உள்ளே வரவில்லை. போர்வையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். வாசல் பனியைக் கொஞ்சம் பெருக்கினாள். சுவர் இன்னும் காயவில்லை, ரொட்டி முடிச்சு பலகை மேலேயே இருக்கட்டும், சுவர் காயும்வரை நான் அதைத் தொடப்போவதில்லை என்று பொதுவாக யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனாள். ஆண்டவன் கண்ணைத் திறந்தான் என்று நுஸ்ரத் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான்.

மவ்ஜூதா பூ அச்சு குத்தி ரொட்டி சுட்டு, அடுப்பு விளிம்பில் வைத்துக் கல்லாகக் காய வைக்கும் முன், இளசாக இருக்கும்போதே கடி வாங்க வேண்டியிருந்தது. ரகசியமாக ஒரே ஒருத்தியிடம்தான் கேட்டாள். மறுநாள் பொழுது ஏறுவதற்குள் கும்ரி அபாவைத் தவிர தெரு முழுக்க அவள் வீட்டில் இருந்தது. அத்தனை நாளும் அவரவர் சந்தலியில் அவரவர் கவலையோடு அடைந்து கிடந்தவர்கள், பல்லைக் காட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். முன்பல் இல்லாதவர், கடைவாய்ப்பல் இல்லாதவர், எல்லாப் பல்லும் இருந்தும் வேடிக்கை பார்க்க வந்தவர் என்று வரிசை வாசலைத் தாண்டி நின்றது. பூகோள வாத்தியார் இரண்டு தரம் கடித்தார், இரண்டாவது பசிக்கு. இமாம் வந்து, ஏமாற்றுவது பாவம் என்பதை விளக்கமாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, சும்மா எப்படி வருகிறதென்று பார்க்கத் தானும் ஒரு கடி கடித்தார். டாக்டர் லுத்ஃபியா கைவிளக்கைப் பிடித்து ஒவ்வொரு கடியையும் பார்த்து, இது ஆகாது, இது குதிரை கடித்தது மாதிரி இருக்கிறது என்று தள்ளிக்கொண்டிருந்தாள். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று தினமும் அவள் கதவைத் தட்டிய கூட்டம் முழுவதும் அங்கே தரையில் உருண்டு சிரித்துக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் தன்னிடம் ஒருவரும் மாத்திரை கேட்கவில்லை என்று அவள் இப்போதும் ஆச்சரியப்படுவாள்.

ஆகாத ரொட்டிகள் சூடு ஆறுமுன் சாய்கானாவுக்குப் போயின. இந்த ஊரில் ஏன் எல்லா ரொட்டியும் ஒரு கடியோடு வருகிறது என்று லாரிக்காரர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். விருந்தாளிக்கு விஷமில்லை என்று காட்டும் மரியாதை என்று ஒருவர் விளக்கம் கொடுத்தாராம்.

கடைசியில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். முன்பல்லில் சரியான சந்து தெருவில் ஒருவருக்குத்தான் இருந்தது. அது ஹோஷிமுக்கு.

நுஸ்ரத் சூடான ரொட்டியைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு சவரக்கடைக்குப் போனான். ஹோஷிம் கத்தியைத் தீட்டிக்கொண்டே கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தான். விஷயம் அவனுக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி முழுக் கதையையும் நுஸ்ரத் வாயாலேயே சொல்ல வைத்தான். நடுவில் இரண்டு இடத்தில் மறுபடி கேட்டான்.

"கடிக்கிறேன். ஆனா ஒரு சத்தியம் பண்ணு."

"என்ன வேணும்னாலும் சொல்லுங்க, ஹோஷிம் அகோ," என்று அண்ணன் முறை வைத்துக் குழைந்தான் நுஸ்ரத்.

"இனிமே உயிரே போனாலும் எனக்கு நீ ஒரு உதவியும் செய்யக் கூடாது."

நுஸ்ரத் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். கும்ரி அபாவுக்காக அதையும் விட்டுக்கொடுத்தான். ஹோஷிம் ரொட்டியை வாங்கி, துண்டால் வாயைத் துடைத்து, போட்டோவுக்கு நிற்பவன்போல் நிமிர்ந்து ஒரு கடி கடித்தான். மென்றுகொண்டே, உன் பொண்டாட்டி கை பக்குவம்தான் உன்னைக் காப்பாற்றுகிறது என்றான். டாக்டர் கைவிளக்கில் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். தெரு பெருமூச்சு விட்டது.

ரொட்டி காய்ந்து தயாரான காலையில், கும்ரி அபா தன் வாசலில் நின்று யாரிடமும் இல்லாமல் சத்தமாகச் சொன்னாள். டாக்டர் வீட்டுக்குப் போகிறேன், மெதுவாகத்தான் வருவேன், கதவு சும்மாதான் சாத்தியிருக்கிறது, சுவரும் காய்ந்துவிட்டது. சொல்லிவிட்டு நடந்தாள். என்ன வெள்ளை மனசு, கள்ளம் கபடம் தெரியாத பெண்பிள்ளை என்று நுஸ்ரத் உருகிக்கொண்டே உள்ளே போனான். சுவர்தான் காய்ந்துவிட்டதே என்று, பலகையில் வைக்காமல் ரொட்டியைத் துணியோடு ஆணியில் மாட்டினான். ஆணி ரொட்டியோடு கையில் வந்தது. சுத்தியலைத் தேடி எடுத்து வந்து அடித்தான், முதல் அடி கட்டைவிரலில் விழுந்தது. ஆணி சுவரில் ஏறி அவன் விரலைச் சப்பிக்கொண்டு நிமிர்வதற்குள் கும்ரி அபா திரும்பி வரும் சத்தம் கேட்டது. நல்லவேளை, அவளுக்கு ஏதோ தொண்டைக் கமறல், தெருமுனையிலிருந்தே ஊருக்குக் கேட்கும்படி இருமிக்கொண்டு வந்தாள். அவன் பின்பக்கமாக ஓடிவிட்டான்.

பனி இளகியது. கணவாய் திறந்து லாரிகள் போய்விட்டன. ஒருநாள் மத்தியானம் திடீரென்று தெரு முழுக்க பல்புகள் எரிந்தன. நுஸ்ரத் பெல்ட்டை மாட்டிக்கொண்டு கம்பங்களில் ஏறத் தொடங்கினான். எப்போது வரும் என்று கேட்டவர்கள் எல்லாம், எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் மங்கலாக இருக்கிறது என்று கேட்டார்கள். அவனுக்கு அதைக் கேட்கக் காதில் தேன் பாய்ந்தது. கும்ரியின் போனில் உயிர் வந்தது. தவ்லத் பேசினான். நவ்ரூஸ் வசந்தப் பண்டிகைக்கு வருகிறேன் என்றான்.

இந்தச் செய்தியைக் கேட்டு முதலில் குதித்தவன் நுஸ்ரத்தான். குதித்து முடித்ததும்தான் உறைத்தது. தவ்லத் வந்ததும் அந்த ரொட்டியைத் தின்பான். தன் கடி என்று நினைத்து ஹோஷிமின் கடியைத் தின்பான். தாய் முன்னால் நின்று அதைப் பார்த்துக் கண்ணீர் விடுவாள். இதற்குப் பேர் உதவியா? அவன் மறுபடியும் சாப்பாட்டை விட்டான். மவ்ஜூதா அவனையும் சந்தலியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கும்ரி அபா வீட்டு வாசல் கம்பத்தில் அவனுக்கு வேலை இருந்தது. கீழே அவள் வெயிலில் உட்கார்ந்து, மகன் வருகிறான் என்று புதுப் போர்வைக்குப் பஞ்சு உதறிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். இறங்கி அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேலேயிருந்தே எல்லாவற்றையும் சொன்னான். சாக்கு, பானை, முழங்கால், ஹோஷிம், ஒன்றையும் விடவில்லை. தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். கும்ரி அபா பஞ்சு உதறுவதை நிறுத்தவில்லை.

"முடிஞ்சுதா?" என்றாள். "சந்து எந்தப் பக்கம்?"

"என்ன அபா?"

"ஹோஷிமுக்கு இடது பக்கம். என் பிள்ளைக்கு வலது பக்கம். தெருவே சேர்ந்து பார்த்தீங்க, டாக்டரம்மா விளக்குப் புடிச்சுப் பார்த்துச்சு. பெத்தவளுக்குத் தெரியாதா?"

கம்பம் ஆடியது. கம்பம் ஆடவில்லை, நுஸ்ரத்தான் ஆடினான்.

"அன்னிக்கே தெரியும்," என்றாள் கும்ரி. "முடிச்சைக் காணோம்னதும், நீ சாக்கோட வீடு வீடாப் போனதைக் கேட்டு சாய்கானாவுக்கு ஓடினேன். பானை காலி. அங்கேயிருந்து நேரா உன்னை அடிக்கத்தான் துடைப்பத்தோட வந்தேன். வாசல்ல நின்னா, நீ உள்ள கிடந்து அழுறே. இந்தப் பனி ஆரம்பத்துல உன் பொண்டாட்டி என் மடியில அழுதது ஞாபகம் வந்துச்சு. இப்போ நானும் கத்தினா இவன் இனி எந்திரிக்கவே மாட்டான்னு பட்டுச்சு. அதான் வாசலைப் பெருக்கிட்டுப் போனேன்."

அவன் மேலே கம்பத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"அப்புறம் உங்களுக்கு வழி விடுறதே எனக்கு வேலையாப் போச்சு. நீங்க கடிச்சுக்கிட்டுக் கிடந்தப்போ ஒண்ணும் தெரியாத மாதிரி ஜன்னலை மூடிக்கிட்டு உட்கார்ந்தேன். ஒரு ரொட்டி மாட்ட அவ்வளவு நேரமா? குளிர்ல நின்னு நின்னு என் கால் மரத்துப் போச்சு. இருமி இருமி நிஜமாவே இருமல் வந்துருச்சு. ஆனா ஒண்ணு சொல்றேன். அந்த நாள்ல பிள்ளையை நெனச்சு அழ எனக்கு நேரமே இல்ல. நல்லாத் தூங்கினேன்."

"பயமா இல்லையா, அபா? வேற ஒருத்தன் தின்னுட்டானே."

அவள் கை இப்போதுதான் நின்றது. பயமாகத்தான் இருந்தது, ரொம்ப இருந்தது என்றாள்.

"தின்னவனும் ஒருத்தி பெத்த பிள்ளை. ஊர் போய்ச் சேர முடியாம வழியில நின்னவன். என் பிள்ளையும் அங்க எங்கேயோ வழியில நிப்பான், எவளாவது ஒரு வாய் போட்டிருப்பாள்னு நெனச்சுக்கிட்டேன். சரி, இறங்கு. அழுதுக்கிட்டு கம்பியைத் தொடாதே."

தவ்லத்திடம் யாரும் சொல்லக் கூடாது என்று முடிவானது. தெருவில் எல்லோரும் சத்தியம் செய்தார்கள், தாங்கள் ரகசியத்தைக் காப்பாற்றும் லட்சணம் தெரிந்தும்.

நவ்ரூஸுக்கு முந்திய நாள் தவ்லத் வந்து இறங்கினான். உடம்பு பெருத்திருந்தான். தாயைக் கட்டிப்பிடித்து அழுதான், பிறகு நிமிர்ந்து சிரித்தான். தெரு மூச்சடைத்துப் போனது. முன்பல்லில் சந்தே இல்லை. அந்த இடத்தில் பளபளவென்று ஒரு தங்கப்பல் இருந்தது. முதல் சம்பளத்தில் கட்டியதாம். ஊரே தேடிய ஓட்டையை இந்தப் பயல் காசு கொடுத்து அடைத்துவிட்டு வந்திருக்கிறான் என்று ஹோஷிமுக்குக் கோபமே வந்துவிட்டது.

சந்தலியை இன்னும் எடுக்கவில்லை. அதைச் சுற்றி உட்கார இடமில்லாமல் ஜன்னல் வழியாகவும் பார்த்தார்கள். கும்ரி ஆணியிலிருந்து ரொட்டியை இறக்கி மகன் கையில் கொடுத்தாள். தவ்லத் பிஸ்மில்லா சொல்லி வாயை அகலத் திறந்து கடித்தான். டக் என்று ஒரு சத்தம். அடுப்பு விளிம்பில் மவ்ஜூதா கொஞ்சம் அதிகமாகவே காய வைத்துவிட்டாள். தவ்லத் வாயிலிருந்து ஏதோ மின்னிக்கொண்டு பறந்து போர்வைக்குள் விழுந்தது. அவன் நாக்கால் தடவிப் பார்த்தான். பழைய சந்து பழைய இடத்தில் இருந்தது.

முதலில் சிரித்தது கும்ரி. மகன் கிளம்பிய நாளிலிருந்து அவள் இப்படி வாய்விட்டுச் சிரித்து யாரும் கேட்டதில்லை. பிறகு வீடே சிரித்தது. தவ்லத் மட்டும் ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓரத்தில் அவனுடைய புதுக் கடி, அதற்குப் பக்கத்தில் பழைய கடி. சந்து ஒன்றில் வலது பக்கம், இன்னொன்றில் இடது பக்கம்.

"அம்மா, இது என் கடி இல்லையே. யாரு கடிச்சது?"

ஹோஷிம் கூரையைப் பார்த்தான். இமாம் தாடியைத் தடவினார். கும்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு மகன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நம்ம தெரு கடிச்சதுடா. பேசாம தின்னு."

அவன் தேநீரில் தோய்த்துத் தோய்த்துத் தின்றான், ஒரு துணுக்கு மிச்சம் வைக்கவில்லை. மவ்ஜூதா புருஷனைத் தேடினாள். காணவில்லை. சந்தலிப் பக்கம் குனிந்து பார்த்தால், போர்வைக்கு வெளியே ஆறடி ஆளின் இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே கைவிளக்கு வெளிச்சம் அங்குமிங்கும் ஓடியது. பல்லைத் தேடிக்கொண்டே அவன் விசிலடித்துக்கொண்டிருந்தான். அவள் இந்த முறை போர்வையை இழுக்கவில்லை.